நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூணும் புதுச்சேரிச் சோழிகளும்

வாசகர் ஒருவரின் கேள்வி. 2025 ஜனவரி 4, காலை 10.15

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியதும் நுங்கம்பாக்கத்தில் தனக்கென ஒரு வானாய்வகம் கட்டிக்கொண்டது, கல்லூரிச் சாலை என்ற பெயரே அதற்குச் சாட்சி என்று எங்கள் வீட்டுப் பெரியவர் சொல்கிறார். இது சரியா? அப்படி ஒன்று இருந்தால் இன்று அதில் என்ன மிச்சம் இருக்கிறது?

ஜனவரி 4, இரவு 9.40

சரியில்லை. வானாய்வகம் பல்கலைக்கழகத்துக்கு 65 ஆண்டு மூத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி 1786இல் நுங்கம்பாக்கத்தில் தன் சொந்தச் செலவில் ஒரு சின்ன ஆய்வகம் வைத்திருந்தார். கருவிகளைப் பிறகு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். கடற்கரை அளவையாளர் மைக்கேல் டாப்பிங் 1792இல் கம்பெனிக்காக நிரந்தரக் கட்டடத்தைக் கட்டி முடித்தார். அது ஒருநாளும் பல்கலைக்கழகத்தின் சொத்தாக இருந்ததில்லை.

கல்லூரிச் சாலைக்குப் பெயர் தந்தது வேறொரு கல்லூரி. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க 1812இல் எல்லிஸ் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அது. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதிக்காட்டிய அதே எல்லிஸ்தான்.

ஆனாலும் உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னதில் ஓர் உறவு உண்மையாகவே இருக்கிறது, தலைகீழாக. அளவைப் பணிக்கு ஆள் வேண்டும் என்று டாப்பிங் கேட்டதால் 1794இல் எட்டு மாணவர்களோடு ஓர் அளவைப் பள்ளி தொடங்கியது. அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. பல்கலைக்கழகம் வானாய்வகத்தைப் பெறவில்லை. வானாய்வகம் கட்டிய கைதான் பின்னாளில் பல்கலைக்கழகமாகப் போகிற பள்ளிக்கு விதை போட்டது.

ஜனவரி 5, காலை 6.20

நேற்று எழுதியதில் பிழை. பெட்ரியின் ஆய்வகம் இருந்தது எழும்பூரில். நுங்கம்பாக்கம் 1792இல்தான் வருகிறது. முப்பத்தோரு ஆண்டு காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஊரை மாற்றி எழுதிவிட்டுத் தூங்கப் போனது இரவு முழுவதும் உறுத்தியது.

ஜனவரி 6, மாலை 5.05

மிச்சம் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டடம் இல்லை. தூண் இருக்கிறது.

மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பேத்தியின் பள்ளிக் குழுவோடு அனுமதி பெற்று உள்ளே போனேன். புயல் நாட்களில் தொலைக்காட்சியில் பேசுவார்களே, அந்த அலுவலகம்தான். மரங்களுக்கு நடுவே, அடி பருத்து மேலே போகப் போக ஒடுங்கும் ஒற்றைக் கருங்கல். உயரம் பதினைந்து அடி, எடை பத்து டன். தொலைநோக்கி அசையக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை கனம். தரையில் ஒருவர் நடந்தால் அந்த அதிர்வு கருவிக்கு ஏறினாலும் விண்மீனின் இடம் தவறிப்போகும்.

கல்லைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் ஏறிய பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது, மறுபக்கம் குளிர்ந்திருந்தது. எழுத்துகள் நேர் வெளிச்சத்தில் தெரியவில்லை. பிள்ளைகளில் ஒருத்தி தன் சாப்பாட்டு டப்பாவின் எவர்சில்வர் மூடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாள். அப்போது தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தன. லத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி என்று நான்கு மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். கல்லில் தமிழ் வெட்டுவது நம் ஊரில் பழைய தொழில். கோயில் சுவரில் நிலதானம் வெட்டிய மரபில் வந்த ஒரு கைதான் இதையும் வெட்டியிருக்கும் என்று எனக்குப்பட்டது.

ஜனவரி 8, இரவு 10.30

ஏன் நான்கு மொழி என்று கேட்டிருக்கிறார்கள். காரணத்தை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசியாவில் கணித அறிவியல்களை முதன்முதலில் நட்டது பிரிட்டிஷாரின் தாராளம், அது எந்தக் காலத்தில் நடந்தது என்பதை ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் அறிய வேண்டும். இதுதான் நோக்கம்.

இந்த வாசகத்தை முதன்முதலில் படித்த நாளிலிருந்து எனக்கு ஆறவில்லை. கோபம் மட்டுமில்லை. கட்டியவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் "முதன்முதலில் நட்டது" என்ற சொல்லுக்கு மறுப்பு அதே வானாய்வகத்தில் வேலை பார்த்த ஒருவரின் கையாலேயே எழுதப்பட்டது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பம், கம்பெனிச் சேவை. 1805 முதல் சில ஆண்டுகள் நுங்கம்பாக்கத்தில் வானியலாளர் பொறுப்பைப் பார்த்தவர். நம் பஞ்சாங்கக் கணக்கெல்லாம் எப்படி நடக்கிறது என்று தோண்டித் துருவி 'கால சங்கலித' என்ற பெரிய நூலை 1825இல் வெளியிட்டார். அச்சிட்டது, மேலே சொன்ன கோட்டைக் கல்லூரியின் அச்சகம். அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்திக்கிறார். வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டும்படி கேட்கிறார். அந்த மனிதர் தாளும் எழுதுகோலும் எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்பினார். வாய்க்குள் ஏதோ சொற்களை முணுமுணுத்தார், சோழிகளைக் கூட்டினார், நகர்த்தினார், விடையைச் சொல்லிவிட்டார்.

அது 1825ஆம் ஆண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவின் கிரகணம். கிரகணம் பிடிக்கும் ஸ்பரிச காலத்தில் பிழை 4 நிமிடம். நம் கணக்கில் 10 விநாழிகை. மத்திய காலத்தில் 23 நிமிடம், ஒரு நாழிகைக்குச் சற்றுக் குறைவு. கிரகணம் விடும் மோட்ச காலத்தில் 52 நிமிடம், இரண்டு நாழிகைக்குக் கொஞ்சம் மேலே. தொலைநோக்கி இல்லை, கடிகாரம் இல்லை, எழுதப்பட்ட அட்டவணைகூட இல்லை.

வானியல் கோட்பாடு அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் குறித்திருக்கிறார். முதலில் படித்தபோது இதை இழிவாக எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. காரணம் புரியாமல் கையில் இவ்வளவு துல்லியம் வருகிறதென்றால், காரணம் புரிந்த யாரோ அதைத் தலைமுறை தலைமுறையாகச் சிதையாமல் வரும்படி கட்டிவைத்திருக்கிறார்கள். பல நூறு ஆண்டு கழித்தும் அது வேலை செய்கிறது.

ஜனவரி 9, காலை 7.10

"முணுமுணுத்த சொற்கள்" என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. சந்திரன் பூமிக்குத் தொலைவான புள்ளியிலிருந்து புறப்பட்டு மறுபடி அங்கே வர ஏறக்குறைய 27.55 நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாள், கிட்டத்தட்ட மிச்சமில்லாமல். அதனால் 248 நாளுக்கு மனப்பாடம் செய்தால் போதும், பிறகு முதலிலிருந்து தொடங்கலாம்.

முதல் வாக்கியம் "கீர்ந: ச்ரேய:". சமஸ்கிருத மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் இதைப் பிரிக்க வேண்டும். கீ என்பதில் உள்ள மெய் க வரிசையில் மூன்றாவது, ஆகவே 3. ந என்றால் 0. கூட்டெழுத்தில் கடைசி மெய்யை மட்டும் எடுக்க வேண்டும், ச்ரே என்பதில் ர, அதற்கு 2. ய என்றால் 1. வரிசை 3, 0, 2, 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 1203. அதாவது முதல் நாளில் சந்திரன் நகர்வது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). சந்திரனின் சராசரி ஓட்டம் நாளுக்கு 13 பாகைக்குச் சற்று மேலே. தொலைவில் இருக்கும்போது மெதுவாக ஓடும், அதனால் 12. சரியாகப் பொருந்துகிறது.

இரண்டே சொல். அவற்றுக்குச் சொற்பொருளும் உண்டு, அதனால் மறக்காது. எங்கள் அச்சகத்தில் திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று கட்டம் கட்டமாக எண்களைச் சரிபார்த்தபோது இப்படி ஒரு முறை கையில் இருந்திருந்தால் என் கண் இன்னும் பத்து ஆண்டு நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 11, பிற்பகல் 3.15

கம்பெனி வானியலாளர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்ற குறை நியாயம்.

ஜான் கோல்டிங்ஹாம்தான் முதல் வானியலாளர். ராஜாஜி மண்டபத்தைக் கட்டியவரும் அவர்தான். கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுட்ட பீரங்கிகளின் ஒளியையும் ஓசையையும் வைத்து ஒலியின் வேகத்தை மாதக்கணக்காக அளந்தார். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்து வேகம் மாறுவதை அட்டவணையிட்டார். சென்னையின் தீர்க்கரேகையை அவர்தான் கணித்தார்: 80 பாகை 18 கலை 30 விகலை. அதை நேரமாக்கினால் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். அதுதான் மதராஸ் நேரம். நாட்டின் ரயில் கடிகாரங்கள் நுங்கம்பாக்கத்தைக் கேட்டு ஓடின. 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் வந்தபோது நாம் 8 நிமிடம் 46 விநாடி முன்னால் தள்ளப்பட்டோம்.

இப்போது ஒரு வேடிக்கை. அந்தத் தீர்க்கரேகையை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தூண் உண்மையில் நிற்பது ஏறக்குறைய 80 பாகை 14 கலை 50 விகலையில். கோல்டிங்ஹாமின் எண்ணைப் போட்டால் வானாய்வகம் ஆறரைக் கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்து, மெரினாவைத் தாண்டி, கடலுக்குள் கட்டுமரம் போகிற இடத்தில் மிதக்கிறது.

ஜனவரி 12, காலை 8.00

நேற்றைய வேடிக்கையைப் படித்துவிட்டு ஒருவர் "வெள்ளைக்காரன் கணக்கு அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பொருளில் நான் எழுதவில்லை, அப்படிப் படிக்க இடம் கொடுத்தது என் தவறு.

அவர் செய்த பிழை நேரக் கணக்கில் பதினைந்து விநாடிக்கும் குறைவு. வியாழனின் துணைக்கோள் நிழலுக்குள் மறையும் கணத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, உள்ளூர் நேரத்தைக் குறித்து, அட்டவணையில் உள்ள கிரீன்விச் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். துணைக்கோள் விளக்கை அணைத்தாற்போல் மறைவதில்லை. மங்கி மங்கி, இருக்கிறதா இல்லையா என்று கண் தடுமாறும்போது போய்விடும். அந்தத் தடுமாற்றத்தில் பதினைந்து விநாடி ஒன்றுமே இல்லை. புதுச்சேரிக்காரரின் 52 நிமிடத்துக்கு நான் கொடுத்த மரியாதையை இந்தப் பதினைந்து விநாடிக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். வீட்டில் இருபது பேர். நாளை மறுநாள் தொடர்கிறேன்.

ஜனவரி 16, இரவு 9.00

கோல்டிங்ஹாமுக்குப் பிறகு டெய்லர். 1844இல் 11,015 விண்மீன்களின் இடங்களை ஒரே பட்டியலாக வெளியிட்டார். பிறகு ஜேக்கப், 1855இல் 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் ஓட்டத்தில் ஒழுங்கின்மை கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று எழுதினார். அது நிற்கவில்லை. ஆனாலும் வேற்று விண்மீனுக்கு ஒரு கோள் என்ற பேச்சு அத்தனை முன்னதாக நுங்கம்பாக்கத்திலிருந்து எழுந்ததை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

நார்மன் போக்சன் 1861இல் வந்தார். விண்மீன்களின் ஒளியளவில் ஒரு படி என்றால் 2.512 மடங்கு என்ற விகிதத்தை உலகுக்குத் தந்தவர். வந்த ஆண்டே ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். 1866 மே 16 அன்று சில்வியா. கத்திரி வெயில் காலத்து இரவு அது. கல்லும் சுவரும் பகலில் குடித்த வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்க, வியர்வை கண்ணில் இறங்க, கண்ணாடிக்குக் கண் கொடுத்து நின்றிருப்பார். அந்தச் சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் இருப்பதை 2001லும் 2004லும் கண்டார்கள். இரண்டு நிலாக்கள் கொண்டதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுதான்.

அவருடைய மகள் ஐசிஸ் போக்சன் 1873 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அங்கே வேலை செய்தார். லண்டனின் அரச வானியல் கழகத்துக்கு 1886இல் தந்தை அவர் பெயரை முன்மொழிந்தார், பெண் என்பதால் நடக்கவில்லை. 1920இல் சேர்த்துக்கொண்டார்கள். முப்பத்து நான்கு ஆண்டு.

ஜனவரி 19, காலை 11.30

இன்று யாரைப் பற்றி எழுதப்போகிறேனோ அவருக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் வானாய்வகத்தில் சேர்ந்து போக்சனுக்கு முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867 ஜனவரியில் தென்வானத்தில் ரெட்டிகுலம் என்ற சிறு விண்மீன் குழுவில் ஒரு விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டார். ஆர் ரெட்டிகுலி என்று இன்று பெயர். ஏறக்குறைய 278 நாளுக்கு ஒரு முறை பொங்கித் தணியும் விண்மீன் அது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். போக்சன் மசூலிப்பட்டினம் போனார். வனபர்த்திக்குப் போன குழுவுக்கு ரகுநாதாச்சாரி தலைமை தாங்கினார். 1872இல் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன நிகழ்வு என்று மக்களுக்கு விளக்கப் பல மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். 1880 பிப்ரவரி 5 அன்று மறைந்தார்.

இத்தனைக்கும் நடுவே கண்ணால் பார்க்கும் வானத்தோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று எழுதினார், பேசினார், தானே திருக்கணிதப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். நம் வீட்டுச் சுவரில் இன்று தொங்கும் சண்டை அங்கே தொடங்குகிறது.

என் வீட்டில் அது உண்மையிலேயே சண்டைதான். அப்பா வாக்கியக்காரர். நான் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு திருக்கணிதத்துக்கு மாறினேன், ஏனென்றால் கிரகண நேரத்தை மொட்டைமாடியில் நின்று கடிகாரத்தோடு சரிபார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அப்பா காலமான மூன்றாம் ஆண்டு, திதி எந்த நாள் என்பதில் இரண்டு பஞ்சாங்கமும் பிரிந்தன. ஊரில் தம்பி வாக்கியப்படி செவ்வாய்க்கிழமை செய்தான். நான் சென்னையில் புதன்கிழமை செய்தேன். அம்மா இரண்டு நாளும் சாப்பிடாமல் இருந்தாள். எது சரியென்று அவளிடம் போய்ப் படம் வரைந்து விளக்கினேன். சந்திரன் உண்மையில் எங்கே இருந்தது என்று பேனாவால் வட்டம் போட்டேன். அவள் அந்தத் தாளை மடித்து அப்பா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பேசாமல் அடுக்களைக்குப் போனாள்.

சனிப்பெயர்ச்சியில் ஊரே இதைப் பார்த்தது. திருக்கணிதத்தில் 2023 ஜனவரி 17. வாக்கியப்படி, திருநள்ளாற்றில், 2023 டிசம்பர் 20. ஒரே சனி, பதினொரு மாத இடைவெளி.

ஜனவரி 20, காலை 5.50

நேற்று எழுதியதை அதிகாலையில் திரும்பப் படித்தேன். ரகுநாதாச்சாரியை வாக்கியத்தின் எதிரியாக நிறுத்திவிட்டேன். அது பொருந்தாது.

தோலில் ஊறிய கணக்கை வைத்துக்கொண்டுதான் அவர் தொலைநோக்கிக்கு முன் போய் நின்றார். வாக்கிய முறையை ஏற்படுத்தியவர்களும் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்துத்தான் எண்களை அமைத்தார்கள்; பின்னால் வந்தவர்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டு எண்களை மட்டும் சுமந்தார்கள். இவர் மறுபடி பார்க்கத் தொடங்கினார். மரபை உடைத்ததாக இதைச் சொல்லக் கூடாது. விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

தூணில் "நட்டது" என்று எழுதியிருக்கிறது என்றேனே. நுங்கம்பாக்கத்தில் நடந்தது ஒட்டுப்போடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒட்டு மாமரத்தில் வேர் ஒன்று, கிளை ஒன்று. வேரைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு வரிகூட இல்லை.

ஜனவரி 22, இரவு 9.15

இன்று சூளைமேட்டில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு சோதனை. ஆர் ரெட்டிகுலி விண்நடுக்கோட்டுக்குத் தெற்கே 63 பாகையில் இருக்கிறது. சென்னை வடக்கே 13 பாகை. தொண்ணூறிலிருந்து இரண்டையும் கழித்தால் 14. அந்த விண்மீன் நமக்கு அதிகபட்சமாக ஏறும் உயரம் தொடுவானத்திலிருந்து 14 பாகைதான்.

கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை. ஒரு முட்டி, மேலே இரண்டு விரல். தெற்கே திரும்பி அளந்தேன். அந்த உயரத்தில் எதிர்வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் அதற்கு மேல் ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கும் இருந்தன. நுங்கம்பாக்கம் இங்கிருந்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான். 158 ஆண்டுக்கு முன் இதே ஜனவரியில், இதே ஒரு முட்டி இரண்டு விரல் உயரத்தில் அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். பனங்கூட்டங்களுக்கும் தோப்புகளுக்கும் மேலே, அடிவானத்துப் பனிப்புகைக்கு நடுவே அத்தனை தாழ்ந்து நிற்கும் ஒரு புள்ளியில் ஒளி குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று முடிவு செய்ய எத்தனை இரவு நின்றிருக்க வேண்டும்.

ஜனவரி 24, மாலை 6.40

மூடியது ஏன் என்று கேட்டவருக்கு. தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து மக்கள் மடிந்த பிறகு, சூரியனின் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து பார்க்க மேகமும் புழுதியும் குறைந்த மலை வேண்டும். மலையில் இருபது அங்குலத் தொலைநோக்கி வேண்டும் என்று போக்சன் 1882இலேயே கேட்டார். பார்க்காமலே 1891இல் சென்னையில் இறந்தார். அடுத்து வந்த மிச்சி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899இல் நுங்கம்பாக்கத்தின் வானியல் வேலை மலையேறிவிட்டது. அங்கேதான் 1909 ஜனவரியில் எவர்ஷெட், சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார்.

கருவிகளும் மலையேறின. 1792இலிருந்து சென்னையில் ஓடிய ஷெல்டன் ஊசல் கடிகாரம் இப்போது கொடைக்கானலில். தூணை மட்டும் யாரும் தூக்க முயலவில்லை.

ஜனவரி 30, காலை 9.20

நேற்று தை அமாவாசை. தர்ப்பண நாளில் இந்த முறை இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போயின. அதனால் தம்பியிடம் கேட்டேன், ஊருக்கு வரட்டுமா என்று. வா என்றான்.

காலையில் மரக்காணத்துக் கடற்கரையில் இருவரும் சேர்ந்து அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். இரவு ஏழரைக்கு இருகண்நோக்கியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனோம். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் பாத்திகளில் இன்னும் வற்றவில்லை. மேற்கே வெள்ளி தண்ணீரில் ஒரு கோடு போட்டிருந்தது. தெற்கே மறைப்பு ஏதும் இல்லை. தென்மேற்குப் பக்கமாகப் புதுச்சேரியின் வெளிச்சம் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் அடிவானத்தில் தேங்கியிருந்தது. அதற்குள் எங்கோ ஒரு தரையில்தான் சோழிகளைப் பரப்பினார் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் முழுக்கதையையும் கேட்டான். நாலு நிமிடமா, நாலு நிமிடம்தானா என்று இரண்டு முறை கேட்டான்.

எட்டு மணிக்கு ஆர் ரெட்டிகுலி நேர் தெற்கை நெருங்கும் நேரம். ஒரு முட்டி, மேலே இரண்டு விரலுக்குச் சற்றுக் கூட, ஏனென்றால் மரக்காணம் சென்னைக்கு ஒரு பாகை தெற்கே. அந்த உயரத்தில் ரெட்டிகுலத்தின் தலைமை விண்மீனை முதலில் பிடித்தேன். அதற்குச் சற்று இடப்பக்கம் அவர் கண்டது நிற்க வேண்டும். என் கருவிக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. தணிந்திருக்கும் காலமாக இருந்தால் இந்தக் கருவிக்கு அது எட்டாது. தம்பி வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கருவியை இறக்கிவிட்டு, இன்னும் இடப்பக்கம், சற்று மேலே பளிச்சென்று நின்றதைக் காட்டி, "அகத்தியர்" என்றான். "அப்பா காட்டிக்கொடுத்தது. நீ அப்போது சென்னைக்குப் போய்விட்டாய்."

அடுத்த திதிக்கு இருவரும் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது என்று பேசவில்லை. கொசு அதிகமானதும் வண்டியை எடுத்தோம்.